'முகவர் அல்லர்' என்னும் ஒப்புதல்: ஸ்கூபா பயிற்றுநர் மேற்பார்வை குறித்த மறுவாசிப்பு

முக்குளிப்புப் பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) ஸ்கூபா பயிற்சியில் சேரும் மாணவர் நீரில் இறங்குமுன் கையெழுத்திடும் தாள்களில் ஒன்று முகவரின்மை ஒப்புதல். பயிற்றுநரும் முக்குளிப்பு மையமும் பாடியின் வணிகக்குறியைப் பயன்படுத்த உரிமம் பெற்றவர்கள் மட்டுமே என்றும், அதன் முகவர்களோ ஊழியர்களோ அல்லர் என்றும் அது கூறுகிறது. தரங்களை வகுப்பது பாடி. ஆனால் பயிற்சியின் அன்றாட நடத்தையையும் முக்குளிப்போர் மீதான கண்காணிப்பையும் கட்டுப்படுத்தும் உரிமை அதற்கு இல்லை. பயிற்சி அமைப்புகள் விதி எழுதிச் சான்றட்டை வழங்குவதோடு நின்றுவிடுகின்றன, அவற்றிடம் மேற்பார்வையே இல்லை என்று வாதிடும் ஆய்வுப்போக்கு ஒன்று இத்தாளையே முதற்சான்றாகக் காட்டுகிறது. தாளின் ஒரு பாதியை மட்டும் படித்ததால் வந்த முடிவு இது.

வழக்குக்கு அஞ்சிய வழக்கறிஞர்கள் எழுதிய வெறும் சடங்குவாசகம் இது என்று இதைத் தள்ளிவிடுவோரும் உண்டு. அவ்வாறாயின், கூடவே கையெழுத்தாகும் பொறுப்புத்துறப்பு செல்லாத இடத்தில் இதுவும் மறைந்திருக்க வேண்டும். கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் உரிய பொறுப்பை ஒப்பந்தத்தின் மூலம் விலக்கிக்கொள்வதைப் பிரிட்டன் 1977ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடுத்துவிட்டது. ஐரோப்பாவுக்கான படிவத்தில் துறப்புக்குப் பதிலாக இடர்களை விளக்கும் கூற்று இடம்பெறுகிறது. முகவரின்மை ஒப்புதல் மட்டும் அப்படியே தொடர்கிறது. ஆகவே அது துறப்பின் வால் அன்று. அமைப்புக்கும் பயிற்றுநருக்கும் உள்ள உறவின் வரையறை என்று கொள்ளவே இடமிருக்கிறது.

அந்த வரையறை எதை மறுக்கிறது என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்க்க வேண்டும். மறுக்கப்படுவது அன்றாட நடத்தையின் மீதான கட்டுப்பாடு. உரிமத்தைத் திரும்பப் பெறும் அதிகாரம் எங்கும் மறுக்கப்படவில்லை. உரிமம் போனால் பயிற்றுநர் அந்த அமைப்பின் பெயரில் ஒரு சான்றட்டைகூட வழங்க முடியாது; பிழைப்புக்கு இதையே நம்பியிருப்பவருக்கு இதைவிடக் கடுமையான கட்டுப்பாடு வேறில்லை. விசாரணை, மறுபயிற்சி, இடைநீக்கம், உறுப்பினர் நீக்கம் என்ற படிகள் நடைமுறையில் உள்ளன.

சிக்கல் அதிகாரத்தில் இல்லை. தகவல் வரும் வழியில் இருக்கிறது. பயிற்றுநர் தேர்வை அவருக்குப் பயிற்சி அளித்தவர் நடத்துவதில்லை. அமைப்பு அனுப்பும் தேர்வாளர் நடத்துகிறார். இது மெச்சத்தக்க ஏற்பாடு. அதன்பின் ஆண்டுதோறும் நடக்கும் புதுப்பித்தலுக்குப் பெரும்பாலும் கட்டணமும் உறுதிமொழியும் போதும். நீரில் மறுதேர்வு கிடையாது. எஞ்சியிருப்பவை புகாரும், விபத்து அறிக்கையும், சான்று பெற்ற மாணவர் சிலருக்கு அனுப்பப்படும் வினாப்படிவமுமே. பாடியின் விதிப்படி, தொடக்கநிலைப் பயிற்சியில் திறந்தநீர் முக்குளிப்புகள் நான்கு. 18 மீட்டருக்கு மேல் ஆழம் கூடாது. ஒரு பயிற்றுநருக்கு எட்டு மாணவர். இவை எண்ணிச் சொல்லக்கூடியவை என்பதால், நேற்று கற்ற மாணவரும் இவற்றுக்குச் சரியாக விடை தர முடியும். மாறாக, நீர் புகுந்த முகக்கண்ணாடியை அவர் தேர்ச்சியோடு வெறுமையாக்கினாரா, பயிற்றுநர் அவசரத்தில் தலையசைத்து அனுப்பிவிட்டாரா என்பதைச் சொல்லத் தேர்ச்சி எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவரே சாட்சியாக நிற்கிறார். அன்பாகப் பழகும் பயிற்றுநருக்கு, அவர் பாடத்தைக் குறைத்திருந்தாலும், நல்ல மதிப்பீடு கிடைத்துவிடும். மேற்பார்வையின் உண்மையான ஓட்டை இதுதான். மேற்பார்வையே இல்லை என்ற வாசிப்பு இதைக் காணவிடாமல் செய்துவிட்டது.

பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 24802 பயிற்றுநர் தகுதியை வரையறுக்கிறதே என்ற மறுப்பு நெடுநேரம் நிற்காது. அத்தரத்தின் கீழ் வழங்கப்படும் சான்று அமைப்பின் பயிற்சி முறைக்கு உரியது. ஒரு குறிப்பிட்ட காலைப்பொழுதில் ஒரு குறிப்பிட்ட பயிற்றுநர் என்ன செய்தார் என்பதை அது அறியாது. அரசுச் சட்டமும் இந்த ஓட்டையை அடைப்பதில்லை. பிரான்சில் ஆழத்துக்கேற்ற மாணவர் எண்ணிக்கையை அரசு விதியே நிர்ணயிக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் முக்குளிப்புப் பாதுகாப்புக்கென 2011ஆம் ஆண்டுத் தனிச்சட்டம் உண்டு. அங்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆய்வாளர் உடன் முக்குளிப்பதில்லை.

எனவே திருத்தம் தொடங்க வேண்டிய இடம் முகவரின்மைத் தாள் கையெழுத்தாகும் அதே மேசை. ஒவ்வொரு திறனுக்கும் தேர்ச்சி என்பது என்ன என்று மாணவரின் தாய்மொழியில் எழுதிய பட்டியலை, முதல் நாளிலேயே, அந்தத் தாளோடு சேர்த்து அவர் கையில் பயிற்சி அமைப்புகள் கொடுக்க வேண்டும்.