இரண்டு சுமைகளின் கதை

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், இன்றைய துருக்கியிலிருந்த கலாத்தியா நாட்டுக் கிறிஸ்தவச் சபைகளுக்கு அப்போஸ்தலர் பவுல் ஒரு கடிதம் அனுப்பினார். நலம் விசாரிக்கும் கடிதமல்ல, கோபக் கடிதம். அதன் கடைசிப் பகுதியில், ஒருவர் சுமையை மற்றவர் தாங்க வேண்டும் என்றார். மூச்சு விடுவதற்குள், அவரவர் சுமையை அவரவரே சுமப்பார் என்றும் சொல்லிவிட்டார். முரண்பாடுதான். ஆனால் அவர் கிரேக்கத்தில் முதலில் எழுதிய சொல் 'பரோஸ்'. அடுத்து எழுதியது 'ஃபோர்ட்டியோன்'.

பரோஸ் என்றால் ஆளை அழுத்தும் கனம். உவமை ஒன்றில் நாள் முழுக்க வெயிலில் வெந்த திராட்சைத் தோட்டக் கூலிகள், கடைசி ஒரு மணி நேரம் வந்தவனுக்கும் அதே கூலியா என்று முணுமுணுத்தபோது மத்தேயு தம் நற்செய்தியில் எழுதிய சொல் அது. ஃபோர்ட்டியோனோ துறைமுகத்தில் புழங்கியது. கப்பல் சரக்குக்கும் அதுதான் பெயர். பின்னாளில் பவுல் கைதியாக ரோமுக்குக் கப்பலேறியபோது, சரக்கோடு, அதாவது ஃபோர்ட்டியோனோடு, உயிருக்கும் சேதம் வரும் என்று எச்சரித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோதுமை கடலுக்குப் போனது, கப்பல் மால்டா கரையில் உடைந்தது.

கூடிச் சுமப்பது பரோஸ், தனியே சுமப்பது ஃபோர்ட்டியோன் என்று பிரசங்கிகள் கோடு கிழிப்பதுண்டு. கோடு அவ்வளவு நேரானதல்ல. பரிசேயர் ஊரார் தோளில் ஏற்றிய சுமைகளைச் சொல்லும்போது, மத்தேயு இரண்டு சொல்லின் குடும்பத்தையும் ஒட்டவைத்தே எழுதினார்: கனத்த ஃபோர்ட்டியோன்கள். ஆனாலும் வேறுபாடு என்று ஏதோ ஒன்று இருந்தது. அதையும் மொழிபெயர்ப்பு விழுங்கியது.

லத்தீன் வேதாகமம் இரண்டு இடத்திலும் 'ஓனுஸ்' என்றது. 1611இல் வந்த ஆங்கில வேதாகமம் இரண்டையும் 'பர்டன்' ஆக்கியது. வேதாகமத்தில் இடம் இழந்த பரோஸுக்கு விஞ்ஞானம் வேலை கொடுத்தது. காற்றுக்கும் கனம் உண்டென்று டாரிசெல்லி பாதரசக் குழாயில் காட்டிச் சுமார் இருபது ஆண்டுகளில், அந்தக் கருவி இங்கிலாந்தில் 'பாரோமீட்டர்' ஆனது. 1808இல் ஹம்ப்ரி டேவி பிரித்தெடுத்த உலோகம் 'பேரியம்' ஆனது. பெயருக்கு மூலமான தாதுதான் கனம். உலோகம் அதைவிட லேசாக இருந்து காலை வாரியது.

பெரிய திருப்பம் அதற்கு முன்பே கல்கத்தாவில் தொடங்கியிருந்தது. 1786இல் நீதிபதி வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே வேரில் கிளைத்திருக்க வேண்டும் என்று பேசினார். அடுத்த நூறாண்டில் மொழியியலாளர்கள் சொல் சொல்லாக வம்சாவளி எழுதினார்கள். பரோஸையும் தமிழ் வேதாகமத்தின் 'பாரம்' என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் அண்ணன் தம்பி என்றே தோன்றும். வம்சாவளி வேறு சொன்னது.

உதட்டைக் குவித்துச் சொன்ன ஓர் ஆதி ககர ஒலி கிரேக்கத்தில் பகரமாக மாறியது. சமஸ்கிருதத்தில் ககரமாகவே தங்கியது. அப்படிப் பார்த்தால் பரோஸின் உடன்பிறப்பு 'குரு'. ஆம், வாத்தியார் குருவேதான். கனமானவர் என்பதே அச்சொல்லின் முதற்பொருள். வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த பாரமோ, 'தூக்கிச் செல்' என்ற இன்னொரு வேரில் பிறந்தது. அதே வேரின் கிரேக்கக் கிளைதான் ஃபோர்ட்டியோன்.

தமிழ் வேதாகமம் கலாத்தியரில் இரண்டு இடத்திலும் 'பாரம்' என்றே போட்டது. பிறப்பைப் பார்த்தால், அவரவர் சுமக்கும் இரண்டாவது இடத்தில் மட்டும்தான் அந்தச் சொல் தன் சொந்தக்காரன் வீட்டில் இருக்கிறது.