பத்து வயது வரை

கொழும்புத்துறையில் பிறந்தவனுக்கு மேடு என்றால் கோயில் படிதான். கடலோடு ஒட்டிய இந்த மட்ட நிலத்திலே வளர்ந்த எனக்கு, முதல் ஆசிரிய நியமனம் மலையகத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றிலே கிடைத்தது. நீண்ட மண்டபம் ஒன்று, அதற்குள் ஐந்து வகுப்புகள், இடையிலே சுவரில்லை. ஒரு மூலையில் வாய்ப்பாடு எழுந்தால் மறு மூலையில் ஆத்திசூடி அடங்கிவிடும். அந்த மண்டபத்தின் வரலாற்றை நான் பிற்பாடுதான் படித்தேன்.

நேயர்களே, ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது 1848இல். அதே காலத்திலேதான் தமிழகத்து ஏழைகள் மன்னார்க் கரையில் இறங்கி, கண்டி மலைகளின் கோப்பித் தோட்டங்களுக்குக் காட்டுவழியே நடந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் படிப்பு வேண்டுமென்று சட்டம் சொன்னது 1907இல்தான். அதுவரை, எழுத்தறிந்த ஒருவர் லயத்து வாசலில் கற்பித்தால் அதுவே பள்ளி.

அந்தச் சட்டம் ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்கு எழுத்தறிவூட்டும் பொறுப்பைத் தோட்டத்துரையிடமே கொடுத்தது. பத்துக்குப் பின்? கொழுந்துக் கூடை காத்திருந்தது. பிள்ளையின் கையை வேலைக்கு வேண்டுபவரே அந்தக் கையில் எழுதுகோலையும் கொடுக்க வேண்டுமென்றால் பள்ளி எப்படி வளரும்?

1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது; அதன் பயன் லயங்களை எட்டவில்லை. 1947இல் மலையக மக்கள் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். தலவாக்கலையில் வென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்களில் ஒருவர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது, வாக்கும் பறிபோயிற்று. வாக்கில்லாதவரின் பள்ளிக்கூடம் எவர் கண்ணிலும் படவில்லை. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வர 1970கள் ஆயின.

வடக்கிலிருந்து சென்று அங்கே உண்மையாய் உழைத்த ஆசிரியர்கள் பலர். என்னைப் போன்ற சிலரோ மலையேறிய நாளிலிருந்தே இடமாற்ற விண்ணப்பத்தை மனத்துக்குள் எழுதிக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஒரு சிறுமி கேட்டாள்: "நீங்களும் போயிருவீங்களா சேர்?" நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த தவணை தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் இருந்தேன்.

இன்று மலையகத்துப் பிள்ளைகளே ஆசிரியராகித் தம் தோட்டங்களுக்குத் திரும்புகிறார்கள். துரையும் அரசும் செய்யாததை நாம் எளிதில் எழுதிவிடுகிறோம். அந்தக் கணக்கில், விட்டு வந்த ஆசிரியனுக்கும் ஒரு வரி உண்டு. அதை நானே எழுதுவதுதான் முறை.