வில்லையில் பொறித்த எண்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படை வீரர் ஒவ்வொருவர் கழுத்திலும் இரண்டு உலோகத் தகடுகள் தொங்கின. நாயின் கழுத்தில் கட்டும் வில்லை என்னும் கேலிப்பெயரே அவற்றுக்கு வழக்கில் நிலைத்தது. ஏறத்தாழ இரண்டு அங்குல நீளமுள்ள அத்தகட்டில் பெயர், படை எண், தடுப்பூசி இட்ட ஆண்டு, குருதி வகை, சமயம் ஆகியவை சில வரிகளுக்குள் அடக்கிப் பொறிக்கப்பட்டன. வீரர் மடிந்தால் ஒரு தகடு உடலோடு தங்கும். மற்றொன்று பதிவுக்குப் போகும். தகட்டின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு உண்டு. பிணத்தின் பற்களுக்கிடையே தகட்டைச் செருகி நிறுத்தவே அவ்வெட்டு ஏற்பட்டது என்றொரு கதை நெடுங்காலமாக உலவி வருகின்றது. உண்மை அத்துணை கொடியதன்று. தகட்டின் எழுத்துகளைத் தாளில் ஒற்றியெடுக்கும் கைப்பொறியில், தகடு திசைமாறிப் போகாமல் பொருந்துவதற்காக அமைந்த வெட்டு அது. வெட்டுக்குக் கதை கட்டியவர்கள் அதனருகே இருந்த எண்ணைப் படிக்க முயன்றதாகத் தெரியவில்லை.

அந்த எண் தகட்டைக் காட்டிலும் வயதில் இளையது. 1906இல் அமெரிக்கப் படை அலுமினிய வில்லையை ஏற்றபோது பெயரும் பதவியும் பிரிவுமே அதில் இருந்தன. 1916இல் இரண்டாவது வில்லை சேர்ந்தது. முதல் உலகப் போருக்கென ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேர் படையில் திரண்டபோது ஒரே பெயருடையோர் ஆயிரக்கணக்கில் சேர, 1918 பிப்ரவரியில் எண் வழங்கும் முறை பிறந்தது. அப்போது அது வெறும் வரிசை எண்தான். பின்னர் அதிகாரிகளுக்குத் தனி வரிசை ஏற்பட்டபோது படைத்தலைவர் பெர்ஷிங் அதில் முதல் எண்ணைப் பெற்றார்.

எண்ணுக்கு ஓர் இலக்கணம் வாய்த்தது அடுத்த போரில். 1940 செப்டம்பரில் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்தபின், புதிதாகச் சேர்ந்தோர்க்கு எட்டு இலக்க எண்கள் வழங்கப்பட்டன. முதல் இலக்கம் வந்த வழியைச் சொல்லும்: 1 எனில் தாமே முன்வந்து சேர்ந்தவர், 3 எனில் சட்டத்தால் அழைக்கப்பட்டவர், 20 என்று தொடங்கினால் மாநிலங்களின் தேசியக் காவற்படையிலிருந்து வந்தவர். 1, 3 ஆகிய வரிசைகளில் இரண்டாம் இலக்கம் பெரும்பாலும் சேர்ந்த வட்டாரத்தைக் குறிக்கும். நாடு ஒன்பது படை வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. நியூயார்க், நியூ ஜெர்சி, டெலவேர் சேர்ந்தது இரண்டாம் வட்டாரம். இல்லினாய், மிச்சிகன், விஸ்கான்சின் ஆறாவது. கலிபோர்னியாவும் மேற்கு மாநிலங்களும் ஒன்பதாவது. எனவே 36 என்று தொடங்கும் எண்ணைக் கண்டால், இல்லினாய்ப் பக்கத்தில் சட்டத்தின் அழைப்பால் படை புகுந்தவர் என்று கொள்ளலாம். பெண்கள் படைப்பிரிவினர்க்கு எண்ணின் முன் ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்தும், செவிலியர்க்கு ‘என்’னும், அதிகாரிகளுக்கு ‘ஓ’வும் நின்றன. இந்த ‘ஓ’வைச் சுழியமாகப் படித்து அதிகாரியைச் சிப்பாயாக்கியவர்களும் உண்டு. எண்ணை அடுத்து வரும் ‘டி’யும் ஈரிலக்கங்களும் இன்னொரு பொறி. அவை இசிவு நோய்த் தடுப்பூசி இட்ட ஆண்டுகள். பிறந்த ஆண்டோ படையில் சேர்ந்த ஆண்டோ அல்ல.

இலக்கிய அன்பர்கள் அறிந்த ஒருவரின் எண்ணையே சான்றாகக் கொள்ளலாம். ‘ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்’ நாவலை எழுதிய கர்ட் வானகட், ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரம் எரிந்தபோது அங்கிருந்தவர். விடுதலையானபின் அவ்வாண்டு மே மாதம் தம் குடும்பத்துக்கு எழுதிய கடிதத்தின் தலைப்பில், பெயரை அடுத்துத் தம் படை எண்ணையும் குறித்தார்: 12102964. பெற்ற தந்தைக்கு எழுதும் கடிதத்திலும் எண்ணை விடாத பழக்கம், படை ஒருவரை எவ்வளவு ஆழமாகத் தொட்டுவிடுகின்றது என்பதைக் காட்டும். அது நிற்க. அந்த எண் சொல்வது என்ன? 1, தாமே சேர்ந்தவர். 2, நியூயார்க் வட்டாரம். ஆனால் வானகட் இண்டியானா மாநிலத்து இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்து வளர்ந்தவர். அவ்வூர் ஐந்தாம் வட்டாரத்தைச் சேர்ந்தது. எண் பொய் சொல்லவில்லை. அவர் அப்போது நியூயார்க் மாநிலத்துக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். பிறந்த மண்ணை எண் அறியாது; பெயர் பதிந்த மேசையை மட்டுமே அறியும்.

இதனினும் நுண்ணிய பிழை ஒன்றுண்டு. அது நெஞ்சைத் தொடுவதும் ஆகும். 1 என்று தொடங்கும் எண்ணை வீரத்தின் முத்திரையாகவும், 3 என்று தொடங்குவதை விருப்பமின்றி இழுத்து வரப்பட்டதன் அடையாளமாகவும் படித்துவிடுவது எளிது. பாட்டனாரின் தகட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்க்கும் பேரனுக்கு இது சிறிய செய்தியன்று. ஆனால் 1942 டிசம்பர் 5ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணை, 18 முதல் 37 வயது வரையுள்ள ஆண்கள் தாமாகவே படையில் சேரும் வழியை அடைத்துவிட்டது. தொழிற்சாலைகளுக்கும் வயல்களுக்கும் ஆள் வேண்டியிருந்தது. யார் போவது, யார் இருப்பது என்பதை அரசே தீர்மானிக்க விரும்பியது. அதன்பின் போருக்குப் போகத் துடித்த இளைஞரும் உள்ளூர்த் தேர்வுக் குழுவிடம் சென்று, தம்மை முன்கூட்டியே அழைக்குமாறு கேட்டுப் பெற வேண்டியதாயிற்று. அவ்வாறு கேட்டுப் போனவர்க்கும், ஓலை கண்டு அஞ்சியவர்க்கும் ஒரே 3தான் கிடைத்தது. ஆணையின் நாளை அறியாமல் எண்ணைப் படிப்பவர், இறந்தவர்மேல் இல்லாத தயக்கத்தை ஏற்றிவிடுவர்.

ஜெர்மானியர் தகடு வேறு வகையது. நீள்வட்டமான அதன் நடுவே துளைக்கோடு ஓடும். இரு பாதியிலும் ஒரே வாசகம். வீரர் இறந்ததும் கீழ்ப்பாதியை ஒடித்து அனுப்பிவிடுவர். அதில் பெயரே இராது. தகட்டை வழங்கிய பிரிவின் சுருக்கக்குறியும், அப்பிரிவின் பட்டியலில் ஓர் எண்ணும், குருதி வகையும் மட்டுமே இருக்கும். 17 என்னும் எண் எத்தனையோ பிரிவுகளில் எத்தனையோ பேருக்கு உண்டு. அப்பிரிவும் பெரும்பாலும் பயிற்சி பெற்ற இடமே. மடிந்த இடத்துப் படையன்று. பெர்லினில் காக்கப்பட்டு, 2019இல் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தோடு சேர்ந்த பதிவேடுகள் இல்லையேல், மண்ணிலிருந்து எடுக்கும் தகடு வெறும் தகரமே.

அமெரிக்கர்க்கும் ஏடுதான் சோதனையாயிற்று. 1969 ஜூலை முதல் நாள் தரைப்படை பழைய எண்களைக் கைவிட்டுச் சமூகப் பாதுகாப்பு எண்ணை ஏற்றது. வானகட்டின் நாவல் வெளிவந்ததும் அவ்வாண்டே. நான்கு ஆண்டுகள் கழித்து, 1973 ஜூலை 12 அன்று, செயின்ட் லூயி நகரை அடுத்த தேசியப் படையாள் ஆவணக் காப்பகத்தின் மேல்தளம் தீப்பற்றியது. 160 முதல் 180 இலட்சம் கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை விலகிய தரைப்படையினரின் ஆவணங்களில் நூற்றுக்கு எண்பது போயின. படியெடுப்பும் இல்லை, நுண்படச்சுருளும் இல்லை, எவை எரிந்தன என்று சொல்லும் பட்டியலும் இல்லை. நனைந்து மிஞ்சியவற்றை விண்கலச் சோதனைக்கென அமைந்த வெற்றிடக் கூடத்தில் வைத்து உலர்த்தினர்.

அதன்பின் வேறு அலுவலகங்களின் தாள்களைத் தேடித் திரட்டினார்கள். அவற்றுள் பெரும்பயன் தந்தவை, படையை விட்டு நீங்கும் நாளில் வீரர் கையொப்பமிட்டுக் கடைசிச் சம்பளம் பெற்ற சீட்டுகள். ஏறத்தாழ 190 இலட்சம் சீட்டுகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் பெயரின் அருகே அந்த எண் இருந்தது. ஓய்வூதியம் கேட்டு வந்த முதியவர்கள் தாம் படையில் இருந்ததை மெய்ப்பிக்க வழியின்றி நின்றபோது, பலர்க்கு அச்சீட்டே சான்றாயிற்று.