எல்லிஸ் டங்கனும் தமிழ்ச் சினிமாவும்: ஒரு சமூகவரலாற்று நோக்கு

தமிழ்ச் சினிமாவின் தொடக்க காலத்தை ஆராய்வோர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கரைப் புறக்கணித்தல் இயலாது. 1909இல் ஒகாயோ மாநிலத்திற் பிறந்த அவர், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உடன் பயின்ற மாணிக்லால் டாண்டனோடு 1935இல் இந்தியா வந்தார். 1936 முதல் 1950 வரை தமிழ்ப் படங்களை நெறிப்படுத்தினார். தமிழறியாத ஒருவர் இதனைச் சாதித்தமை தனிமனித விந்தையாகவே பெரிதும் பேசப்படுகிறது. ஆயின், அதனைச் சாத்தியமாக்கிய உற்பத்திச் சூழலை நோக்குவதே பயனுடையது.

1931இல் தொடங்கிய தமிழ்ப் பேசும்படம் நாடகக் கொம்பனிகளின் நடிகரையும் பாடல்களையும் புராணக் கதைகளையும் அவ்வாறே ஏற்றுக்கொண்டது. கமெரா, நாடகக் கொட்டகையின் முன்வரிசைப் பார்வையாளன் போல அசையாது நின்றது. புதிதாக இத்துறையில் நுழைந்த வணிக மூலதனத்திற்குத் தொழில்நுட்பத் தேர்ச்சி தேவைப்பட்டது. டங்கன் வழங்கியது அதுவே. நகரும் கமெராவும் அண்மைக் காட்சியும் அவராற் சிறப்புற்றன. சொல்லும் பொருளும் பிறர் வசமிருந்தன. 1937இல் வெளிவந்த 'அம்பிகாபதி'யின் வசனத்தை இளங்கோவன் எழுதினார். இத்தகைய வேலைப் பிரிவினையே மொழியறியா நெறியாளரைச் சாத்தியமாக்கியது.

இலங்கையராகிய நாம் சிறப்பாக நோக்கவேண்டியது அவரது முதற்படமான 'சதி லீலாவதி' (1936). எஸ். எஸ். வாசனின் நாவலைத் தழுவிய இப்படத்தில், 1917இல் இலங்கை மலைநாட்டிற் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன் சிறு பாத்திரமொன்றில் அறிமுகமானார். மதுவால் நிலைகுலைந்த சென்னைச் செல்வந்தன், நண்பனைக் கொன்றுவிட்டதாகக் கருதி இலங்கைக்குத் தப்பியோடித் தேயிலைத் தோட்டத்திற் கூலியாகிறான். புராணங்களில் மூழ்கியிருந்த காலத்தில் தோட்டத் தொழிலாளியின் வாழ்வு திரையில் இடம்பெற்றமை முற்போக்கான அம்சமே. ஆயின் முடிவு யாது? புதையலொன்றைக் கண்டெடுத்த நாயகன் அதனைத் தோட்ட முதலாளியிடம் ஒப்படைக்கிறான். அந்நேர்மையை மெச்சிய முதலாளி அவனைச் சுவீகாரப் புதல்வனாக்குகிறான்.

கூலியின் துயர் கூலியுறவினின்றும் பிறப்பது. இங்கோ அது தனிமனித ஒழுக்கத்தினாலும் முதலாளியின் கருணையினாலும் தீர்கிறது. நாயகன் விடுதலை பெறுகிறான். லயன் அறைகள் அவ்வாறே இருக்கின்றன. போடியார்–வயற்காரர் உறவினை நேரில் அறிந்த கல்முனை, சம்மாந்துறை வாசகருக்கு இத்தீர்வின் போலித்தன்மையை விளக்கவேண்டியதில்லை. இப்படத்திற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1931இல், கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியிருந்தார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. வரலாறு கூட்டுப் போராட்டத்தை முன்வைத்தபோது, கதை புதையலை முன்வைத்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அத்தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அவர்களுக்குச் சுவீகாரத் தந்தையர் எவரும் தோன்றவில்லை.

இக்குறையை டங்கன் மீது சுமத்துதல் பொருந்தாது. 1945இல் எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா'வை அவர் நெறிப்படுத்தினார், அது பக்திப்படம். 1950இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 'பொன்முடி', 'மந்திரிகுமாரி' ஆகியவற்றில் அதே நெறியாளர் பணியாற்றினார். முன்னையது பாரதிதாசனின் காவியத்தையும், பின்னையது குண்டலகேசிக் கதையிலிருந்து மு. கருணாநிதி ஆக்கிய நாடகத்தையும் தழுவியவை. இரண்டாவதில் அரசகுருவின் அதிகாரச் சூழ்ச்சி அம்பலமாகிறது. நெறியாளர் ஒருவரே, கருத்துநிலை வேறு. மாறியது அவரது உள்ளமன்று. தமிழகத்திற் திராவிட இயக்கம் பெற்ற வலிமையே எழுத்தை மாற்றியது. 'மந்திரிகுமாரி' முடிவுறுமுன்னரே டங்கன் அமெரிக்கா திரும்ப, டி. ஆர். சுந்தரம் அதனை நிறைவு செய்தார். டங்கன் 2001இற் காலமானார்.

டங்கன் தமிழ்ச் சினிமாவுக்குப் புதிய கண்ணைத் தந்தார். அக்கண் எதனைக் காணவேண்டும் என்பதைத் தீர்மானித்தவை மூலதனமும் சமூக இயக்கங்களுமே. தொழில்நுட்ப வளர்ச்சியையே கலை வளர்ச்சியாகக் கொள்ளும் விமர்சகர்கள் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.