கத்தரி வைத்த கையில் ஒரு சஞ்சிகை

போன வாரம் உங்களை ஜோசப் சலூன் வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். கோபம் இருக்கும். இருக்கட்டும். ஒரு கிழமை காத்திருந்தவர்களுக்குத்தான் இன்றைய கதை ருசிக்கும்.

வாருங்கள், உள்ளே போவோம்.

யாழ்ப்பாணம், கஸ்தூரியார் வீதி. சுவரில் கண்ணாடி. அதற்கு முன்னால் நாற்காலி. முறைக்குக் காத்திருப்பவர்கள் இருக்க ஒரு வாங்கு. கையெட்டும் தூரத்தில் பேப்பர்கள், சஞ்சிகைகள்.

யாழ்ப்பாணத்தான் கையில் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு அவனைச் சும்மா இருக்கச் சொல்ல முடியுமா? அந்த நாள்களில் எந்தச் சலூன் வாங்கிலும், எந்த ஊர் வாசிகசாலையிலும் கேட்கக்கூடிய பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“துப்பறியும் சங்கர்லால் இந்தமுறை ஆரைப் பிடிச்சவராம்?”

“பொறும், அவர் தேத்தண்ணி குடிச்சு முடிக்கட்டும்.”

“உதை விடும். சாண்டில்யனைப் படியும் காணும். குதிரை வெளிக்கிட்டால் நாலு கிழமைக்கு நிக்காது.”

“எல்லாம் குப்பை. கல்கிக்குப் பிறகு ஆர் இருக்கினம்?”

பேசுகிறவர்கள் பேராசிரியர்கள் அல்ல. கிளாக்கர், கடைச் சிப்பந்தி, பள்ளிக்கூட வாத்தியார், பஸ் கண்டக்டர். கல்கியில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ அத்தியாயங்களைக் கிழித்துச் சேர்த்துக் கட்டி வைத்த வீடுகள் குடாநாட்டில் ஏராளம். ஒருவர் வாங்கும் குமுதத்தைப் பத்துப் பேர் படிப்பார்கள். இருபது பேர் அதைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

கத்தரி பிடித்திருந்த மனிதரும் வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆள் இல்லை.

டொமினிக் ஜீவா.

இவரை உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர் சாதியைக் குத்திக் காட்டி, குலத்தொழிலைப் பார்க்கப் போகச் சொன்ன அந்தப் பகலை முன்பே பார்த்துவிட்டோம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பையன் தகப்பனின் சலூனுக்கு வந்தான். ஆனால் புத்தகத்தை விடவில்லை. பூபாலசிங்கம் புத்தகசாலையும் அதன் இடதுசாரி நண்பர்களும் அவனுக்கு இன்னொரு பள்ளிக்கூடம் ஆனார்கள். தமிழ்நாட்டிலிருந்து தலைமறைவாக வந்த இடதுசாரித் தலைவர் ப. ஜீவானந்தத்தைச் சந்தித்தான். அந்தப் பெயரில் பாதியை எடுத்துத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டான்.

பிறகு எழுதினார். எழுதிக் குவித்தார். ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுதிக்கு சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. மதுரையையும் சென்னையையும் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்த ஈழத்து எழுத்தாளர்களுக்கு நடுவே, தமிழ்நாட்டின் ‘சரஸ்வதி’ தன் அட்டையில் இந்தச் சலூன்காரரின் படத்தைப் போட்டது.

இதோடு ஒரு மனிதன் திருப்திப்பட்டிருக்கலாம். பரிசு இருக்கிறது. பெயர் இருக்கிறது. சோறு போடத் தொழில் இருக்கிறது.

ஜீவாவுக்குப் போதவில்லை.

ஏன்?

இந்தக் கேள்வியில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். 1966-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் இலக்கியச் சஞ்சிகை நடத்துவது என்பது தெரிந்தே கிணற்றில் குதிப்பது. ‘மறுமலர்ச்சி’ இரண்டு வருடத்தில் மூச்சை விட்டிருந்தது. அத்தனை பேரை எழுத்தாளர் ஆக்கிய ‘ஈழகேசரி’ 1958-இல் நின்றது. சிற்பி நடத்திய ‘கலைச்செல்வி’யும் அந்த வருடத்தோடு கடையைக் கட்டியது. அட்டையில் படம் போட்டுப் பெருமைப்படுத்திய ‘சரஸ்வதி’யே நான்கு வருடம் முன்பு போய்விட்டது.

எழுத ஆள் இல்லாமலா இவை நின்றன? இல்லை. திறமை இல்லாமலா? அதுவும் இல்லை. வாங்குவதற்குக் கை நீளவில்லை. அந்தக் கை குமுதத்துக்கும் ஆனந்த விகடனுக்கும் நீண்டது. கடல் தாண்டி வந்த சஞ்சிகைகள் பெரிய எண்ணிக்கையில் அச்சாகி, மலிவாக, பளபளப்பாக, தவறாமல் வந்தன. நம்மூர்ச் சஞ்சிகை எப்போது வரும் என்று ஆசிரியருக்கே தெரியாது.

அதோடு ஓர் அவமானமும் சேர்ந்திருந்தது. ஈழத்து எழுத்து பத்து வருடம் பின்தங்கியிருக்கிறது என்று தமிழ்நாட்டிலிருந்து வந்த எழுத்தாளர் பகீரதன் சொல்லிவிட்டுப் போனதாகவும், நம் கதைகளின் பேச்சுத் தமிழ் புரிய அடிக்குறிப்பு வேண்டும் என்று கி.வா. ஜகந்நாதன் சொன்னதாகவும் இலக்கிய வட்டாரத்தில் புகைந்துகொண்டிருந்தது. உள்ளூர்ப் பண்டிதர்களோ, அதே பேச்சுத் தமிழை இழிசனர் வழக்கு என்று தள்ளினார்கள். வெளியிலிருந்து ஓர் அடி, வீட்டுக்குள்ளிருந்து ஓர் அடி.

இரண்டு அடியையும் வாங்கியவர்கள் யார்? ஜீவா, டானியல் போன்றவர்கள். ஒடுக்கப்பட்ட மக்களை, அவர்கள் வாயால் பேசும் தமிழிலேயே எழுதியவர்கள்.

இப்போது ஜீவாவின் மனக்கணக்கு உங்களுக்குப் பிடிபடும். அவருக்கு வேண்டியிருந்தது வெறும் சஞ்சிகை அல்ல. யாரிடமும் கை கட்டி நிற்காத ஒரு சஞ்சிகை. எந்தப் பண்டிதரும் கதவை மூட முடியாத ஒரு வீடு.

என்னைக் கேட்டால் இன்னொரு காரணமும் உண்டு. படிக்க உனக்கு என்ன தகுதி என்று கேட்டவர்களின் பிள்ளைகள், இவர் ஆசிரியராக இருக்கும் சஞ்சிகைக்குக் கதை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இது பழிவாங்கல்தான். இதைவிட அழகான பழிவாங்கலை நான் வரலாற்றில் அதிகம் பார்த்ததில்லை.

1966 ஆகஸ்ட். ‘மல்லிகை’ முதல் இதழ்.

அச்சாகிவிட்டது. இனி?

நம் கதையின் உயிரான நாழிகை இதுதான். நன்றாகக் கவனியுங்கள்.

சஞ்சிகை நடத்திய எல்லோரும் இந்த நாழிகையில்தான் தோற்றார்கள். கட்டுகளைக் கடைகளுக்கு அனுப்புவார்கள். கடைக்காரர் முன்னால் குமுதத்தைத் தொங்கவிடுவார். உள்ளூர்ச் சஞ்சிகையை அடியில் வைப்பார். மாத முடிவில் விற்காத கட்டு திரும்பி வரும். விற்றதற்குக் காசு வராது. மூன்றாம் இதழில் ஆசிரியர் மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். ஐந்தாம் இதழில் எல்லாம் முடியும்.

ஜீவா வேறு முடிவு எடுத்தார்.

கத்தரியைக் கீழே வைத்தார். பையை எடுத்தார். இதழ்களை அதற்குள் அடுக்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு வீதியில் இறங்கினார்.

தானே விற்பது!

சாகித்தியப் பரிசு பெற்ற எழுத்தாளர் தெருவில் நின்று, “மல்லிகை வந்திருக்கு, வாங்குங்கோ” என்பதா? நண்பர்களுக்கே கூச்சம். அவருக்குக் கூச்சம் இல்லை. பஸ்ஸில் விற்றார். புகையிரதத்தில் விற்றார். இலக்கியக் கூட்டம் எங்கே நடந்தாலும் அங்கே மல்லிகையும் இருக்கும். தெரிந்தவர் எதிரே வந்தால் தப்ப முடியாது. காசு இல்லை என்று சொல்லிவிட்டு நகரவும் முடியாது.

ஏளனம் வராமல் இருக்குமா? வந்தது. தலைமயிர் வெட்டும் கடையில் இலக்கியமா என்றார்கள். முகத்துக்கு முன்னால் சொல்லத் துணியாதவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். ஆனால் பாருங்கள், அதே ஆள்கள் அடுத்த இதழில் யார் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் இருக்கவில்லை. ஒவ்வோர் இதழின் அட்டையிலும் ஒரு முகம். எழுத்தாளர், கலைஞர், அறிஞர். சரஸ்வதி தனக்குச் செய்ததை ஜீவா மற்றவர்களுக்குச் செய்தார். சிங்கள எழுத்தாளர்களின் கதைகளைத் தமிழில் போட்டார். தெற்கும் வடக்கும் முகம் திருப்பத் தொடங்கியிருந்த காலத்தில் இதைச் செய்தார் என்பதை மறக்காதீர்கள்.

மல்லிகை வந்து இரண்டு மாதத்தில், ஒக்டோபர் 21 அன்று, சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு சாதி எதிர்ப்பு ஊர்வலம் புறப்பட்டது. தேநீர்க் கடைக் கதவுகளும் கோயில் கதவுகளும் தட்டப்பட்ட காலம் அது. எதைப் படிப்பது என்ற சண்டையும் அந்தப் புழுதிக்குள்தான் நடந்தது. 1968-இல் க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ வந்தது. நாவலைச் சமூகத்தோடு வைத்துப் பார் என்றது அது. சலூன் வாங்கில் இருந்தவரோ, “கதை விறுவிறுப்பாய் இருக்கோ இல்லையோ, அதைச் சொல்லும்” என்றார்.

இருவரும் பேசியது நாவலைப் பற்றித்தான். ஒருவர் பேச்சு மற்றவர் காதில் ஏறவில்லை.

இங்கேதான் கதை திரும்புகிறது.

முற்போக்கு எழுத்தாளர்கள் ஒரு கோரிக்கையைக் கையில் எடுத்தார்கள். இந்தியாவிலிருந்து வரும் வணிகச் சஞ்சிகைகளைக் கட்டுப்படுத்து! குப்பை குவிந்தால் நம் பயிர் எப்படி முளைக்கும்? மல்லிகையும் அந்தப் பக்கம்தான் நின்றது.

நியாயம் இருந்ததா? இருந்தது. சந்தையில் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் அணில் என்றால் அதைப் போட்டி என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. கட்டுப்பாடு கேட்டவர்களில் எத்தனை பேர் கல்கியைப் படித்து எழுத்தாளர் ஆனவர்கள்? ஏறி வந்த ஏணியைத் தம்பிக்குக் கொடுக்காமல் எடுத்து வைப்பது சரியா? விலாசம் போட்டு எழுதுங்கள், சண்டை பிடிக்கலாம்.

1970-இல் ஆட்சி மாறியது. சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையில் கூட்டணி அரசு. கருவூலத்தில் அந்நியச் செலாவணி இல்லை. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் போட்ட பூட்டைச் சஞ்சிகைக்கும் போடுவதில் அரசுக்குத் தயக்கம் இல்லை. இலக்கியவாதிகள் கொள்கைக்காகக் கேட்டார்கள். அரசு காசுக்காகக் கொடுத்தது. மிளகாய் விலை ஏறியதில் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் சிரித்தார். வாசகர்?

வாசகர் வழக்கம்போலக் கிழமைக்கு ஒருமுறை கடைக்கு வந்தார்.

தலையை உயர்த்திச் சஞ்சிகைகள் தொங்கும் கயிற்றைப் பார்த்தார். தொங்குவது குறைந்திருந்தது. வழக்கமாக வாங்குவது இல்லை. தொடர்கதை நட்டநடுவில் நிற்கிறது. கதாநாயகி ஆபத்தில். வில்லன் கதவருகில். அடுத்த அத்தியாயம் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம்!

அவர் கையில் காசு இருக்கிறது. படிக்கும் பசி இருக்கிறது. மல்லிகை இருக்கிறது, ஆனால் அது மாதத்துக்கு ஒன்று, அதில் குதிரையும் இல்லை, சங்கர்லாலும் இல்லை.

எழுத்தாளர்கள் கேட்ட வெற்றிடம் கிடைத்துவிட்டது. அதை நிரப்புவது யார்?

இதே கேள்வியைக் கொழும்பில் ஒரு பத்திரிகை நிறுவனமும் கேட்டுக்கொண்டது. வீரகேசரி. அவர்களுக்குக் கொள்கைச் சண்டையில் அக்கறை இல்லை. வாசகனின் பசி எவ்வளவு என்பது மட்டும் நன்றாகத் தெரியும். நாவல் வேண்டும், மலிவாக வேண்டும், நம் மண்ணின் கதையாகவும் வேண்டும், கீழே வைக்க முடியாததாகவும் வேண்டும் என்றார்கள்.

அப்படி எழுத ஆள் இருக்கிறதா?

இருந்தார்கள். ‘ஆச்சி பயணம் போகிறாள்’ எழுதி ஊரையே சிரிக்க வைத்திருந்த ஒரு புவியியல் பட்டதாரி, நெடுந்தீவுக் கடற்கரையின் காற்றைக் காகிதத்தில் இறக்கிக்கொண்டிருந்தார். தண்ணிமுறிப்புக் காட்டுக்குள் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்ட இன்னொருவர், பதஞ்சலி என்று அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்.

செங்கை ஆழியான். பாலமனோகரன்.

1973. ‘வாடைக்காற்று’. ‘நிலக்கிளி’.

அந்தக் கயிற்றில் அவை தொங்கியபோது வாசகர் கை நீண்டதா, இல்லையா? விமர்சகர்கள் அவற்றை இலக்கியம் என்றார்களா, வணிகம் என்றார்களா? 1977-இல் கதவு மறுபடி திறந்து குமுதம் உள்ளே வந்தபோது என்ன ஆனது?

அடுத்த வாரம்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். பரணிலோ பழைய பெட்டியிலோ வீரகேசரிப் பிரசுரமோ, அட்டை கிழிந்த மல்லிகையோ கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். நூலக நிறுவனம் இப்படிப்பட்டவற்றைத்தான் தேடித் தேடி மின்வடிவமாக்கி வருகிறது. அவர்களிடம் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.