அணுகல் டோக்கன்: உள்நுழைவுச் சிக்கல்களும் தீர்வும்

அணுகல் டோக்கன் என்பது கிட்ஹப், கிட்லாப், பிட்பக்கெட் போன்ற நிரல் களஞ்சியத் தளங்களில் கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் நீண்ட எழுத்துச் சரம். கணக்கின் சொந்தக்காரர் தளத்துக்குள் போய் அதை உருவாக்குகிறார். எந்தக் களஞ்சியங்களைத் தொடலாம், வாசிக்க மட்டுமா எழுதவுமா, எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். உருவாக்கிய உடனே ஒருமுறைதான் அது திரையில் தெரியும். அப்போது படியெடுக்காவிட்டால் புதிதாக ஒன்றை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பின்னணி

2008 இல் தொடங்கிய கிட்ஹப் பல ஆண்டுகள் கணக்கின் கடவுச்சொல்லையே எல்லாவற்றுக்கும் ஏற்றுக்கொண்டது. 2020 நவம்பர் 13 முதல் அதன் நிரல் இடைமுகத்திலும், 2021 ஓகஸ்ட் 13 முதல் நிரலை ஏற்றவும் இறக்கவும் பயன்படும் கிட் கட்டளைகளிலும் கடவுச்சொல் செல்லாது என்று நிறுத்தியது. பிட்பக்கெட் 2022 மார்ச்சில் இதையே செய்தது. 2023 மே மாதம் வந்த கிட்லாப் 16.0 பதிப்பு, காலாவதியே இல்லாத டோக்கன்களுக்கு முடிவுகட்டியது. காரணம் இதுதான்: களவுபோன கடவுச்சொல் ஒன்று கணக்கு முழுவதையும் திறந்துவிடும். டோக்கனைக் களவெடுத்தவருக்கு அதில் குறித்த அனுமதி மட்டுமே கிடைக்கும், அதையும் ஒரு சொடுக்கில் ரத்துச் செய்யலாம்.

இலங்கையில் இது பெருநிறுவன ஊழியர்களின் விவகாரம் மட்டுமல்ல. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைத் தன்னார்வ நிரலாளர்கள் எழுதத் தொடங்கிய சகானா பேரிடர் முகாமை மென்பொருள் முதலில் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் இருந்தது. அதன் பிற்கால வடிவமான ஈடன் கிட்ஹப்பில் இருக்கிறது. தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன்-தமிழ் நிரலகமும் அங்கேதான். இத்தகைய திட்டங்களுக்குப் பங்களிக்கவோ, பல்கலைக்கழகச் செயற்றிட்டத்தை ஒப்படைக்கவோ முனைகிற மாணவர் யாழ்ப்பாணத் தீவகத்தின் சுருவிலில் இருந்தாலும் சூரிச்சில் இருந்தாலும் பெரும்பாலும் இந்த வாசலால்தான் போகவேண்டும்.

கணினி நினைவில் வைத்திருக்கும் பழையது

"புது டோக்கன் எடுத்தும் ஏற்கவில்லை" என்பதுதான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. பெரும்பாலும் டோக்கனில் பிழை இருப்பதில்லை. முன்பு கொடுத்த கடவுச்சொல்லையோ காலாவதியான டோக்கனையோ கணினி சேமித்து வைத்திருக்கிறது. பாவனையாளரைக் கேளாமலே அதைத் தளத்துக்கு அனுப்புகிறது. புதியது அனுப்பப்படவே இல்லை.

தீவகத்தில் ஒரு மடிக்கணினி பல கைகள் மாறுவது வழமை. கனடாவிலிருந்து வந்த உறவினர் விட்டுப்போனதாக இருக்கும், அல்லது அண்ணன் பாவித்ததாக இருக்கும். அவர்களுடைய கணக்கு விவரம் உள்ளே அப்படியே கிடக்கும். இந்த நிலையில் வரும் 403 பிழைச் செய்தியைக் கடைசிச் சொல் வரை வாசிக்கவேண்டும். இன்ன களஞ்சியத்தில் அனுமதி மறுக்கப்பட்டது என்பதோடு அது நிற்பதில்லை. யாருக்கு மறுக்கப்பட்டது என்று ஒரு கணக்குப் பெயரையும் சொல்லும். அந்தப் பெயர் உங்களுடையது அல்லவென்றால் நோய் பிடிபட்டுவிட்டது.

விண்டோஸ் கணினியில் கொன்ட்ரோல் பனலைத் திறந்து, 'கிரெடென்ஷியல் மனேஜர்' என்பதற்குள் 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' பகுதிக்குப் போனால் கிட் என்று தொடங்கும் பதிவு ஒன்று இருக்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி முயன்றால் கணினி புதிதாகக் கேட்கும். மக் கணினியில் இதே பதிவு கீசெயினில் இருக்கும். லினக்ஸில் இரண்டு வழக்கம் உண்டு: ஒன்று நினைவகத்தில் 15 நிமிடம் மட்டும் வைத்திருப்பது, மற்றது வீட்டு அடைவில் மறைகோப்பாக வெறும் எழுத்தில் எழுதிவைப்பது. இரண்டாவதைப் பொதுக் கணினியில் பாவிப்பது வீண் ஆபத்து.

இன்னொரு மறைவிடமும் உண்டு. அவசரத்தில் சிலர் டோக்கனைக் களஞ்சிய முகவரிக்குள்ளேயே செருகிவிடுவார்கள். அது அந்தத் திட்டத்தின் அமைப்புக் கோப்பில் தங்கிவிடும். சேமித்த பதிவுகள் எல்லாவற்றையும் அழித்தாலும் பழையதே போய்க்கொண்டிருக்கும். ரிமோட் (தொலைக் களஞ்சிய) முகவரியை ஒருதரம் அச்சிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டோக்கனை ஒட்டும்போது நடப்பவை சிறு விடயங்கள், ஆனால் நேரத்தைத் தின்பவை. முனையத்தில் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் எதை ஒட்டினாலும் திரையில் ஒன்றும் தெரியாது. ஒட்டவில்லை என்று நினைத்து இரண்டு தரம் ஒட்டுபவர்கள் உண்டு. லினக்ஸ் முனையங்களில் கன்ட்ரோலோடு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால்தான் ஒட்டும். வட்சப்பில் அனுப்பிப் படியெடுத்தால் முன்னும் பின்னும் வெற்றிடம் தொற்றிக்கொள்ளலாம்; டோக்கனை வட்சப்பில் அனுப்புவதே தவறு என்பது வேறு கதை.

டோக்கன் உயிரோடு இருக்கிறதா என்று அறிய நேரான வழி, கிட்டை விட்டுவிட்டு, அந்த டோக்கனோடு தளத்தின் இடைமுகத்திடம் "நான் யார்" என்று கேட்பது. உங்கள் கணக்குப் பெயர் திரும்பி வந்தால் டோக்கன் சரி. 401 வந்தால் அது செத்துவிட்டது: காலாவதியாகியிருக்கும், அல்லது ரத்தாகியிருக்கும். ஓராண்டு பாவிக்காத டோக்கனைக் கிட்ஹப் தானாகவே நீக்கிவிடும்.

அனுமதி போதாமை

டோக்கன் உயிரோடு இருந்தும் வேலை நடக்காவிட்டால் அனுமதிகளைப் பார்க்கவேண்டும். இங்கே மிகவும் குழப்புவது 404. தனியார் களஞ்சியம் ஒன்றுக்கு அனுமதி இல்லாதவரிடம் கிட்ஹப் "அனுமதி இல்லை" என்று சொல்லாது, "அப்படியொரு களஞ்சியமே இல்லை" என்று சொல்லும். அது இருப்பதையே வெளியாருக்குக் காட்டக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. பாதுகாப்புக்கு நல்லது, புதியவருக்கோ முகவரியில் எழுத்துப்பிழை தேடி அரை நாள் போய்விடும்.

2022 ஒக்டோபரில் கிட்ஹப் நுண்ணனுமதி டோக்கன்களை அறிமுகப்படுத்தியது. எந்தக் களஞ்சியம், எந்தச் செயல் என்று ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்யலாம். உள்ளடக்கத்துக்கு எழுத்து அனுமதி தர மறந்தால் தரவிறக்கலாம், ஏற்ற முடியாது. ஒரு நிறுவனக் கணக்கின் களஞ்சியமென்றால் அதன் நிர்வாகி ஒப்புதல் தரும்வரை டோக்கன் காத்திருக்கவும் நேரலாம். மாணவர் குழுக்கள் கவனிக்கவேண்டியது இன்னொன்று: நண்பரின் சொந்தக் கணக்கிலுள்ள களஞ்சியத்தில் உங்களைப் பங்களிப்பாளராகச் சேர்த்திருந்தாலும் இவ்வகை டோக்கன் அங்கே செல்லாது. பழைய வகை டோக்கன் வேண்டும். தானியங்கிப் பணிக் கோப்புகளைத் திருத்துபவர் பழைய வகையிலும் அதற்கென்றுள்ள தனி அனுமதியைத் தெரிவுசெய்திருக்கவேண்டும்.

டோக்கனைச் சாராத பிழைகள்

மதர்போட்டின் சிறு பட்டரி செத்துப்போன பழைய கணினியில், மின்வெட்டுக்குப் பின் திகதி பல ஆண்டு பின்னுக்குப் போய்விடும். அப்போது வருவது சான்றிதழ் பிழை. திகதியைத் திருத்தினால் போதும். கைபேசியின் நேரம் பிந்தியிருந்தால் இரு படி உள்நுழைவுக் குறியீடும் ஏற்கப்படாது. டோக்கனுக்குப் பதிலாக எஸ்எஸ்எச் சாவி பாவிப்பவர்களுக்கு, அதற்குரிய 22 ஆம் வாயில் அடைக்கப்பட்ட வலையமைப்புகளில் கிட்ஹப் 443 ஆம் வாயிலையும் திறந்து வைத்திருக்கிறது.

கசிவு

டோக்கனைத் தவறுதலாக நிரலுக்குள் எழுதிப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டால், அடுத்த பதிவில் (கமிட்டில்) அந்த வரியை அழிப்பதால் பயனில்லை. பழைய பதிவில் அது இருக்கும். 2021 முதல் கிட்ஹப் டோக்கன்கள் தனி முன்னொட்டோடு வருவதால் தளத்தின் வருடி அவற்றை எளிதில் கண்டுகொள்கிறது. பொதுவெளியில் அகப்பட்டதைத் தானாகவே ரத்தும் செய்கிறது. நேற்றுவரை ஓடிய நிரல் இன்று 401 காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனாலும் தளம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். கசிந்தது தெரிந்தவுடன் முதலில் டோக்கனை ரத்துச் செய்யுங்கள். களஞ்சிய வரலாற்றைச் சுத்தம் செய்வதைப் பிறகு பார்க்கலாம்.