காமிரா முகம் கண்ட வரலாறு

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம் போன்றோர் இல்லங்களில், பூஜை அலமாரிக்கு அடுத்தபடியாகப் போற்றிக் காக்கப்படுவது புகைப்படத் தொகுப்பேயாகும். ஊரிலிருந்து பெற்றோர் வருவர். பத்து நாள் தங்குவர். தில்லியானால் குதுப் மினாருக்கும், கொல்கத்தாவானால் ஹௌரா பாலத்துக்கும் அவர்களை அழைத்துச் சென்று, நிற்கவைத்துப் படம் பிடிப்போம். அவர்கள் ஊர் திரும்பிய பின் நமக்கு எஞ்சுவது அந்தப் படங்களே.

2004ஆம் ஆண்டில் என் பெற்றோர் முதன்முறையாகத் தில்லிக்கு வந்தனர். படச்சுருள் போட்டு எடுக்கும் சிறிய காமிரா ஒன்று என்னிடம் இருந்தது. தூரத்தைத் தானாகவே கணித்துக்கொள்ளும் வசதி உடையது என்று சொல்லி விற்கப்பட்ட காமிரா அது. மாலை வெயில் தாழும் வேளையில் குதுப் மினாரின் முன் இருவரையும் நிறுத்தினேன். அப்பாவை ஒட்டி நிற்க அம்மாவுக்குக் கூச்சம். இருவருக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி இருந்தது. முகங்கள் பெரிதாக விழவேண்டுமென்று லென்ஸை முழுதும் நீட்டிப் பொத்தானை அழுத்தினேன். கழுவி வந்த படத்தில், மினாரைச் சுற்றிச் செதுக்கப்பட்டுள்ள அரபு எழுத்துகள் ஒவ்வொன்றும் தெள்ளத் தெளிவாக விளங்கின. அம்மாவின் முகமும் அப்பாவின் முகமும் நீரில் கரைந்த கோலம்போல் மங்கிக் கிடந்தன.

2011இல் அம்மா காலமானபோது, மாலையிட்டு மாட்டுவதற்கு நல்ல படம் தேடினோம். அவர் சிரித்திருந்த படம் அந்த ஒன்றுதான். அதைக் கையில் வாங்கிப் பார்த்த ஸ்டுடியோக்காரர் உதட்டைப் பிதுக்கினார். முடிவில் வாக்காளர் அடையாள அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டோம். காமிராவில் பழுதில்லை, என் கையும் நடுங்கவில்லை. பின் ஏன் அவ்வாறு நேர்ந்தது? அதற்கு விடை தேடப் புகுந்த எனக்கு, ஒரு யந்திரம் மனித முகத்தை இன்னதென்று கண்டுகொள்ள எவ்வளவு காலம் பிடித்தது என்பது தெரியவந்தது.

லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரு தூரத்திலுள்ள பொருளையே முழுக் கூர்மையுடன் படத்தில் விழச்செய்யும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை சிறிது சிறிதாக மங்கும். இந்தக் குவியத்தை அமைப்பது தொடக்க காலத்தில் முற்றிலும் மனிதன் வேலையாக இருந்தது. பிரான்ஸில் தாகேர் கண்ட முறை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட பின் பல்லாண்டுகள் வரை, படமெடுப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாய் விழும் உருவத்தைப் பார்த்துப் பார்த்து லென்ஸை நகர்த்துவார். படத்துக்கு அமர்ந்தவர் அசையாதிருக்கக் கழுத்தின் பின்னே இரும்புக் கவை ஒன்று தாங்கிக் கொண்டிருக்கும். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டுச் சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல் அசையாது, ஆகவே கல் நன்றாக விழுந்தது. அக்காலத்துப் படங்களில் கோபுரங்கள் மிகுதியாகவும் மனிதர் குறைவாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1888இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கொணர்ந்த கோடக் பெட்டிக் காமிரா இந்தத் தொல்லையை வேறு வழியில் தீர்த்தது. குவியத்தை மாற்றவே இயலாதபடி நிலையாகப் பொருத்திவிட்டார்கள். சில அடிகளுக்கு அப்பாலுள்ள எல்லாம் சுமாராக விழும். எதுவும் மிகக் கூர்மையாக விழாது. நம் நாட்டில் ஒரு தலைமுறை முழுதும் கையாண்ட ‘அக்ஃபா கிளிக் 3’ காமிராவும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அதில் எடுத்த எங்கள் பாட்டியின் படம் அவ்வளவு தெளிவில்லை எனினும், பின்னால் நிற்கும் மாட்டுக் கொட்டில் அவரை விடத் தெளிவாக இல்லை என்பது ஓர் ஆறுதல்! 1932இல் வந்த இரண்டாம் லைகா காமிராவில், காட்சிச் சாளரத்தில் இரண்டாய்த் தெரியும் உருவத்தை ஒன்றாய் இணையும் வரை திருகினால் தூரம் சரியாகிவிடும். அங்கும் எதனைப் பார்த்து இணைப்பது என்பதை மனிதனே முடிவு செய்தான்.

அந்த முடிவு மனிதன் கையைவிட்டுப் போன ஆண்டு 1977. ஜப்பானின் கொனிகா நிறுவனம் அவ்வாண்டில் விற்பனைக்கு விட்ட சி35 ஏஎஃப் காமிராவே தானாகக் குவியம் அமைப்பதாய்ப் பெருமளவில் உற்பத்தியான முதல் காமிரா. அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் செய்த சிறு பகுதியொன்று அதனுள் இருந்தது. அதிலுள்ள இரு கண்ணாடிகளின் வழியே வரும் இரு உருவங்கள் எப்போது பொருந்துகின்றன என்பதை மின்னணுச் சுற்று பார்த்துக்கொண்டது. லைகாவில் மனிதக் கண் செய்த வேலைதான் இது. அடுத்த ஆண்டில் போலராய்டு நிறுவனம் வௌவாலைப் பின்பற்றியது. காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளந்தது. ஆனால் சன்னல் கண்ணாடியின் வழியே படமெடுத்தால் ஒலி கண்ணாடியில் பட்டே திரும்பிவிடும். வெளியே உள்ள மலை மங்கிப்போகும். 1979இல் கேனன் நிறுவனம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்தியது. 1985இல் மினோல்டா இந்த வசதியை லென்ஸ் மாற்றும் பெரிய காமிராவின் உடலுக்குள்ளேயே அமைத்து வெற்றி கண்டது. அவ்வெற்றியின் பின்னே வழக்கும் வந்தது. தன் காப்புரிமை மீறப்பட்டதென ஹனிவெல் தொடுத்த வழக்கில் தோல்வியுற்ற மினோல்டா, 1992இல் 12 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. தூரம் அளக்கும் ஒரு சூழ்ச்சிக்கு இத்தனை விலை!

ஆயினும் இந்தச் சிறிய காமிராக்கள் யாவும் அளந்தது படத்தின் நடுவிலுள்ள ஒரு சிறு புள்ளியின் தூரத்தையே. நடுவில் யார் நிற்கிறார், எவர் முக்கியம் என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. இருவர் சிறிது விலகி நின்றால், கதிர் இருவருக்கும் நடுவே புகுந்து பின்னாலுள்ள சுவரைத் தொடும். என் பெற்றோர்க்கு இடையே இருந்த ஒரு முழ இடைவெளி வழியே காமிரா கண்டது குதுப் மினாரை! செய்தவர்கள் இக்குறையை அறியாதவர்களல்லர். ஒருவரது முகத்தை நடுவில் வைத்துப் பொத்தானைப் பாதியளவு அழுத்திப் பிடித்து, பிறகு காமிராவைத் திருப்பி முழுதும் அழுத்தினால் குவியம் முகத்திலேயே நிற்கும் என்று கைப்புத்தகத்தில் எழுதியிருந்தார்கள். என் காமிராவின் கைப்புத்தகம் பல மொழிகளில் இருந்தது. இந்திய மொழி ஒன்றேனும் இல்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நானும் அதனைப் பிரித்துப் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி டிஜிட்டல் காமிராவுக்கு வருவோம். ஒளியை மின்னேற்றமாக மாற்றும் சில்லின் கருத்தை 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டனர். அதற்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தகைய சில்லைக் கொண்டு 1975இல் கோடக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் முதல் டிஜிட்டல் காமிராவை உருவாக்கினார். மூன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட எடை. ஒரு படத்தை நாடாவில் பதிய 23 விநாடி. அதில் எடுத்த முதல் படம் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஒரு பெண்ணுடையது. திரையில் அவரது தலைமுடியின் கறுப்பு தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் வெறும் குழப்பமே தெரிந்தது. ‘இன்னும் வேலை இருக்கிறது’ என்ற கருத்தில் ஏதோ சொல்லிவிட்டு அவர் போய்விட்டாராம். கம்பிகள் மாறியிருந்ததே காரணம். பின்னர் அது சரிசெய்யப்பட்டது.

சிறிய டிஜிட்டல் காமிராவில் குவியம் அமையும் விதம் எளிது. இருட்டில் குன்றேறும் ஒருவன் உச்சியை எவ்வாறு அறிவான்? ஏறிக்கொண்டே செல்வான், கால் கீழிறங்கத் தொடங்கியதும் ஓரடி பின்வாங்கி நிற்பான். அதுபோலவே லென்ஸை மெல்ல நகர்த்தி, சில்லில் விழும் உருவத்தில் கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாடு மிகுந்துகொண்டே வந்து குறையத் தொடங்கும் இடத்தில் காமிரா திரும்பிக்கொள்ளும். பொத்தானைப் பாதி அழுத்தியதும் நாம் கேட்கும் ‘விர்’ என்னும் ஓசை இந்தக் குன்றேற்றத்தின் ஓசையே. ஆனால் கூர்மையான கோடுகள் எங்குள்ளனவோ அங்குதான் இம்முறைக்கு மோகம். கல்லெழுத்தும், பட்டுப் புடவையின் கரையும், சன்னல் கம்பியும் அதற்கு முகத்தைக் காட்டிலும் இனியவை.

ஆகவே, எவ்வளவு தூரம் என்ற வினாவுக்கு விடை கண்டபின், எதைப் பார்ப்பது என்ற வினா எஞ்சி நின்றது. அதற்கான விடை காமிராக் கம்பெனிகளுக்கு வெளியே, கணிப்பொறி ஆராய்ச்சியாளரிடம் உருவாகிக்கொண்டிருந்தது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் தகேவோ கனாடே, கணிப்பொறி தானாகவே முகத்தின் உறுப்புகளைத் தேடிக் காணும் முறையை 1973இல் தம் டாக்டர் பட்ட ஆய்வாக அளித்தார். 1970இல் ஒஸாகா உலகக் கண்காட்சிக்கு வந்தோரின் முகப்படங்கள் அந்த ஆராய்ச்சிக்குப் பயன்பட்டன. ஆனால் அன்றைய கணிப்பொறி அறையளவு பெரிது. சட்டைப் பையில் அடங்குவதாயில்லை.

திருப்பம் 2001இல் நேர்ந்தது. அமெரிக்காவில் பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் வெளியிட்ட ஆய்வுரை மிக எளிய உண்மை ஒன்றின்மேல் நின்றது. நேரே நோக்கும் மனித முகத்தில், கண்கள் உள்ள பட்டை அதன்கீழுள்ள கன்னங்களைவிட இருண்டிருக்கும். மூக்குத்தண்டு இருபுறக் கண்களைவிட வெளுத்திருக்கும். படத்தை 24க்கு 24 புள்ளி கொண்ட சிறு சதுரமாக எடுத்து முதலில் இந்த இரண்டை மட்டும் கேட்பது. இல்லையென்றால் உடனே ஒதுக்கிவிடுவது. உண்டென்றால் அடுத்த கட்டத்துக்கு அனுப்பி மேலும் பல கேள்விகள் கேட்பது. இவ்வாறு 38 கட்டங்களையும் தாண்டியதே முகம். அலுவலகத்தில் கோப்பு மேசைக்கு மேசை ஏறுவது போன்றதே இதுவும். ஒரு வேறுபாடு உண்டு: இங்கே பெரும்பான்மையானவை முதல் மேசையிலேயே முடிவாகிவிடுகின்றன. அதனாலேயே இது விரைந்தது. அன்றைய சாதாரணக் கணிப்பொறியிலேயே விநாடிக்கு 15 படங்களைச் சோதித்தது.

பிறகு தாமதமில்லை. 2005இல் நிக்கான் நிறுவனத்தின் கூல்பிக்ஸ் காமிராக்கள் சிலவற்றில், முகத்தைத் தேடிக் கண்டு அதன்மீது குவியம் அமைக்கும் வசதி வந்தது. மறு ஆண்டில் ஃபூஜிஃபிலிம் இதற்கெனவே தனிச் சுற்றமைப்பைக் காமிராவுக்குள் வைத்தது. 2007இல் சோனி ஒருபடி மேலே சென்று, சிரித்தவுடன் தானே படமெடுக்கும் காமிராவை விற்றது. திரையில் முகத்தைச் சுற்றித் தோன்றும் சிறு சதுரம் அதன்பின் நம் யாவருக்கும் பழக்கமாயிற்று. தொழில்முறையில் ஒரு சொல்: இங்கே நடப்பது முகங்காணல், முகம் ஒன்று இருக்கிறது என்றறிவது மட்டுமே. இன்னாருடைய முகம் என்று கண்டுகொள்வது முகமறிதல்; விமான நிலைய வாயிலில் நடப்பது அதுவே. இரண்டையும் ஒன்றாக மொழிபெயர்த்துவிடும் வழக்கம் பரவலாக உள்ளது, அது தவறு.

இனி, அந்தச் சதுரம் எவருடைய முகங்களைக் கண்டு முகம் இன்னதென்று கற்றது? வயோலாவும் ஜோன்ஸும் தம் யந்திரத்துக்குக் கற்பித்தவை 4,916 முகங்கள். இணையத்தில் ஆங்காங்கே கிடைத்த படங்களிலிருந்து எடுத்தவை. 2000ஆம் ஆண்டையொட்டிய இணையத்தில் திருநெல்வேலி முகமும் தருமபுரி முகமும் எத்தனை இருந்திருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். இது புதிய குறையன்று. படச்சுருள் காலத்திலேயே கோடக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க அச்சகங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைப் பெண்ணின் முகமே. 2018இல் ஜாய் புவலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் விற்பனையிலிருந்த மூன்று கணிப்பொறி முறைகளைச் சோதித்தனர். முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா என்று சொல்லும் முறைகள் அவை. வெளுத்த நிறமுடைய ஆண்களிடம் அவை செய்த பிழை அதிக அளவாக நூற்றுக்கு 0.8, கறுத்த நிறமுடைய பெண்களிடம் நூற்றுக்கு 34.7 வரை சென்றது. முகங்காணலுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டெனினும், கற்பித்த முகங்களில் இல்லாதவர் பின்னர் கண்ணிலும் படுவதில்லை என்பது இரண்டுக்கும் பொது.

2014இல் அப்பா மட்டும் தில்லிக்கு வந்தார். முகங்காணும் சிறிய டிஜிட்டல் காமிரா ஒன்று வாங்கியிருந்தேன். மீண்டும் குதுப் மினாருக்கே அழைத்துச் சென்றேன். வெயில் அவருக்குப் பின்னால் இருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நடுவே நம்மூர் வெயிலில் அறுபது ஆண்டு உழைத்துக் கறுத்த முகம். அருகே நின்ற என் மகளின் முகத்தில் சதுரம் உடனே தோன்றியது. சற்றுத் தள்ளி நின்ற அயல்நாட்டுப் பயணி ஒருவர் முகத்திலும் தோன்றியது. அப்பாவின் முகத்தில் மட்டும் தோன்றவில்லை. அதற்குள் காரணம் எனக்குத் தெரிந்திருந்தது: எதிர்வெளிச்சத்தில் கண்ணும் கன்னமும் ஒரே கருமையாகிவிட்டால், முதல் மேசையிலேயே கோப்பு தள்ளுபடியாகிவிடும். அதை விளக்கி, வெயிலைப் பார்த்துத் திரும்பி நிற்கும்படி கேட்டுக்கொண்டேன். ‘ஏண்டா, அதற்கு என்னைத் தெரியவில்லையா?’ என்றார். திரும்பினார், கண்ணைக் கூசிக்கொண்டு சிரித்தார், சதுரம் வந்தது.

மினார் சற்று மங்கலாகவே விழுந்திருக்கிறது. அச்சிட்ட படம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, சட்டமிடவில்லை. அப்பா எண்பதைக் கடந்து ஊரில் நலமாக இருக்கிறார்.